மணி அடித்தால் போதுமா? சைக்கிளோட்டியும் கவனமற்ற பாதசாரியும்

பாடசாலைக்கும் பிரத்தியேக வகுப்புக்கும் சைக்கிளில் போய்வரும் மாணவிகள் நம் ஊர்களில் அதிகம். அவர்களில் யாரைக் கேட்டாலும் ஒரு குறையைச் சொல்வார்கள். நடந்து போகிறவர்கள் பார்த்து நடப்பதில்லை. போனைப் பார்த்தபடியே வீதிக்குள் இறங்குகிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு அதன் முன்னால் குறுக்கே பாய்கிறார்கள். நான்கு பேர் கைகோத்துக்கொண்டு வீதியை அடைத்து நடக்கிறார்கள். (இந்த நான்கு பேரும் பெரும்பாலும் சைக்கிள் இல்லாத நாளில் நம் மாணவிகளாகவே இருப்பார்கள் என்பது வேறு விடயம்.)

குறை உண்மையானதுதான். ஆனால் "அப்படி ஒருவர் குறுக்கே வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் கிடைக்கும் பதில்தான் யோசிக்க வைக்கிறது. "மணி அடிப்பேன். விலகாவிட்டால் சத்தம் போடுவேன்." இந்தப் பதில் சரியா என்பதைத்தான் இக்கட்டுரை ஆராய்கிறது. அதற்கு முதலில் லண்டன் மாநகரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் மணி, சத்தம், வேகம், பாதசாரியின் கவனக்குறைவு ஆகிய அனைத்தையும் ஒரு நீதிமன்றம் சாட்சிகளோடு அலசிய வழக்கு அங்கேதான் நடந்தது.

லண்டனில் இரண்டு வழக்குகள்

2015 ஜூலை மாதம். லண்டன் பாலத்துக்கு அருகே, சனநெரிசல் மிகுந்த ஒரு சந்தி. வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவர் சைக்கிளில் வருகிறார். அவருக்குப் பச்சை விளக்கு. அவருடைய வேகம் மணிக்கு 16 முதல் 24 கிலோமீற்றர். அசுர வேகம் என்று சொல்ல முடியாது. அதே நேரத்தில் சிலர் வீதியைக் குறுக்கறுக்கிறார்கள். அவர்களில் ஓர் இளம் பெண் கைபேசியைப் பார்த்தபடி நடக்கிறார்.

சைக்கிளோட்டி தன்னிடமிருந்த பலத்த ஓசை எழுப்பும் ஹோர்னை அடித்தார். சத்தமும் போட்டார். பிறேக்கையும் பிடித்தார். அந்தப் பெண் திடுக்கிட்டு நிமிர்ந்து, வீதியின் நடுவே உள்ள திட்டுக்கே திரும்பி ஓடப் பார்த்தார். சைக்கிளோட்டியும் விலகுவதற்காக அதே பக்கம் ஹென்டிலைத் திருப்பினார். மோதல். இருவருமே நினைவிழந்து வீதியில் விழுந்தார்கள்.

வழக்கு 2019 ஜூனில் தீர்க்கப்பட்டது. சம்பவத்தைக் கண்டவர்களில் பிழை அந்தப் பெண்ணுடையது என்று சொன்னவர்களும் இருந்தார்கள். சைக்கிளோட்டி நிதானமானவர், பண்பானவர் என்பதை நீதிபதியே ஏற்றுக்கொண்டார். இருந்தும் பொறுப்பு இருவருக்கும் சரிபாதி என்றே தீர்ப்பு வந்தது. தீர்ப்பின் சாரம் இதுதான்: வீதியில் ஏற்கனவே ஆட்கள் இறங்கிவிட்டார்கள் என்றால், விளக்கு பச்சையாக இருந்தாலும் அந்த வீதி காலியான வீதி அல்ல. மனிதர்கள் எதிர்பாராத விதமாக நடந்துகொள்வார்கள் என்பதற்குச் சைக்கிளோட்டி எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

நட்டஈடு 4,000 பவுணுக்குச் சற்று அதிகம்தான். ஆனால் வழக்குச் செலவு அதைப்போலப் பல மடங்கு. சைக்கிளோட்டி தான் பட்ட காயத்துக்காக எதிர்வழக்குத் தொடுத்திருக்கவில்லை. ஆகவே பிழை பாதிப் பாதியாக இருந்தும் பணம் ஒரு பக்கமாகவே போனது. அது அநியாயம் என்று எண்ணிய ஆயிரக்கணக்கானோர் அவருக்காகப் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். பணத்தின் விடயத்தில் என் மனமும் அவர்களுடன்தான். ஆயினும் தீர்ப்பின் அந்தச் சாரத்தில் பிழை காண என்னால் முடியவில்லை. அவர் ஹோர்ன் அடித்தார், சத்தமிட்டார், திருப்பினார். வேகத்தை மட்டும் முன்கூட்டியே குறைக்கவில்லை. எதிரே ஆட்கள் வீதிக்குள் நிற்பது அவர் கண்ணுக்குத் தெரிந்திருந்தும்.

இரண்டாவது வழக்கு இதைவிடத் துயரமானது. 2016 பெப்ரவரியில், அதே லண்டன் நகரில், மதிய இடைவேளையில் வீதியைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்மீது 18 வயது இளைஞர் ஒருவரின் சைக்கிள் மோதியது. அப்பெண் இரண்டு பிள்ளைகளின் தாய். தலையில் பட்ட காயத்தால் சில நாட்களில் இறந்துபோனார். அந்த இளைஞர் இரண்டு முறை சத்தமிட்டு எச்சரித்ததாக நீதிமன்றத்தில் சொன்னார். ஆனால் அவருடைய சைக்கிளில் முன் பிறேக் இருக்கவில்லை. அது அங்கே சட்டவிரோதம். 2017இல் நடந்த விசாரணையில் கொலையாகாத ஆட்கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். எனினும் குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில், 1861இல், இயற்றப்பட்ட ஒரு பழைய சட்டத்தின் கீழ் அவருக்கு 18 மாதத் தண்டனை கிடைத்தது.

இந்த இரண்டு வழக்குகளிலும் பொதுவான ஒன்று உண்டு. இரண்டு சைக்கிளோட்டிகளும் குரல் கொடுத்தார்கள். குரல் சைக்கிளை நிறுத்தவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

சாதாரண தர விஞ்ஞானத்தில் கதி, ஆர்முடுகல், அமர்முடுகல் படித்த எந்த மாணவியும் இந்தக் கணக்கைத் தானே செய்து பார்க்கலாம். மணிக்கு 20 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு ஏறத்தாழ 5.6 மீற்றர். கண் கண்டதை மூளை விளங்கி, கை பிறேக்கை இறுக்கும் வரை ஒரு செக்கன் கழிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு செக்கனில் சைக்கிள் 5.6 மீற்றர் ஓடிவிடும். இன்னும் பிறேக் பிடிக்கவே இல்லை. அதன்பின், காய்ந்த வீதியில் நல்ல பிறேக் செக்கனுக்குச் செக்கன் 3.5 மீற்றர் வீதம் கதியைக் குறைக்கிறது என்று கொண்டால், நிற்பதற்கு மேலும் 4.4 மீற்றர் தேவை. மொத்தம் 10 மீற்றர். நம் ஊரில் ஓடும் வான் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு.

இதே கணக்கை மணிக்கு 10 கிலோமீற்றருக்குச் செய்தால் மொத்தம் 4 மீற்றர்கூட வராது. 15 கிலோமீற்றருக்கு 6.7 மீற்றர். 25 கிலோமீற்றருக்கு 14 மீற்றரை நெருங்கிவிடும். கதி இரண்டு மடங்கானால் பிறேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. இயக்கப்பாட்டுச் சக்திச் சமன்பாட்டில் கதி வர்க்கமாக வருகிறது என்று கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்கிறோமே, அதன் பொருள் இதுதான். மோதினால் எதிரே நிற்பவரின் உடம்பில் இறங்குவதும் அதே வர்க்கம்தான்.

இப்போது பாதசாரியின் பக்கம் வருவோம். சாதாரணமாக நடப்பவர் செக்கனுக்கு 1.4 மீற்றர் நடக்கிறார். சைக்கிள் வீதி ஓரத்திலிருந்து ஒரு மீற்றர் தள்ளிப் போகிறது என்றால், ஓரத்தில் நின்றவர் காலை எடுத்து வைத்து அந்தச் சைக்கிளின் பாதைக்கு வர 0.7 செக்கன் போதும். சைக்கிளோட்டியின் விரல் பிறேக்கைத் தொடுவதற்கு முன்பே அவர் முன்னால் நிற்பார். அந்த நிலையில் மணி அடித்தும் பயனில்லை, கத்தியும் பயனில்லை, பிறேக் பிடித்தும் அனேகமாகப் பயனில்லை. எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் கணக்கு இடம் கொடுக்காது.

"பாதசாரி குறுக்கே வந்தால் என்ன செய்வது?" என்ற கேள்வியே கொஞ்சம் பிந்திய கேள்வி என்பது இதிலிருந்து விளங்கும். அவர் குறுக்கே வருவதற்கு முன்னால் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதில்தான் விடயம் இருக்கிறது.

முன்கூட்டிச் செய்யக்கூடியவை சிலவே. கடைத்தெரு, பள்ளிவாசல் முன்றல், பஸ் தரிப்பிடம், பாடசாலை வாசல் போன்ற இடங்களில் கதியை மணிக்கு 10 கிலோமீற்றர் அளவுக்கு இறக்கிவிட வேண்டும். ஓடுபவரின் கதியை ஒத்த அளவு அது. விரல்களை ஹென்டிலைச் சுற்றிப் பொத்திப் பிடிக்காமல் பிறேக்கின் மேலேயே வைத்திருக்க வேண்டும். அதனால் மட்டும் அரைச் செக்கன் மிஞ்சினால், 20 கிலோமீற்றர் கதியில் அது 2.8 மீற்றர். ஒரு பிள்ளையைத் தொடாமல் நிற்பதற்கும் மோதுவதற்கும் இடையிலான தூரம் பல வேளை அதைவிடக் குறைவு. வீதி இடம் தந்தால், பின்னால் வாகனம் வராவிட்டால், ஓரத்திலிருந்து இன்னும் அரை மீற்றர் தள்ளிப் போகலாம். நிறுத்திவைத்த வாகனங்களின் கதவு திடீரெனத் திறந்தாலும் இந்த இடைவெளி காப்பாற்றும்.

பிறேக் பற்றி ஒரு வார்த்தை. சைக்கிளை அதிகமாக நிறுத்துவது முன் பிறேக்தான். பிறேக் பிடிக்கும்போது பாரம் முன் சில்லுக்குச் சாய்வதே காரணம். "முன் பிறேக்கைப் பிடித்தால் குப்புற விழுவாய்" என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்ததால் பலர் அதைத் தொடுவதே இல்லை. சிலரின் சைக்கிளில் முன் பிறேக் கம்பி அறுந்து மாதக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்து, உடம்பைச் சற்றுப் பின்னால் சாய்த்துப் பிடிக்கப் பழக வேண்டும். வெறும் மைதானத்தில் பத்துத் தடவை பழகினால் கை தானே கற்றுக்கொள்ளும். மழை நாளில் ரிம்மில் தண்ணீர் படிந்திருப்பதால் பிறேக் கட்டை முதலில் வழுக்கும். சில்லு ஓரிரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் பிடிக்கத் தொடங்கும். ஆகவே மேற்சொன்ன 10 மீற்றர் மழையில் செல்லாது. அபாயாவோ நீண்ட உடையோ அணிந்து ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று: ஒரு கையால் உடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மட்டும் ஓட்டுவது பிறேக்கில் பாதியை வீட்டில் வைத்துவிட்டு வருவதற்குச் சமம். சங்கிலி மூடியும் பின் சில்லுக்கு உடைகாப்பு வலையும் போட்டுக்கொண்டால் இரண்டு கைகளும் மிஞ்சும்.

கவனமற்றவர் என்று யாரைச் சொல்கிறோம்?

ஒருவரைப் பார்த்த இரண்டு செக்கனில் "கவனமில்லாத ஆள்" என்று முடிவுசெய்துவிடுகிறோம். பின்னாலிருந்து மணி அடித்தும் விலகாத மூத்தம்மாவுக்குக் காது கேட்காமல் இருக்கலாம். வைத்தியசாலையிலிருந்து வெளியே வருபவரின் மனம் வீதியிலே இல்லாமல் இருக்கலாம். சின்னப் பிள்ளைக்கு வருகின்ற வண்டியின் வேகத்தை மட்டிடும் பக்குவமே இன்னும் வந்திருக்காது. போன் பார்த்து நடப்பவர் மட்டும்தான் உண்மையிலேயே கவனமற்றவர் என்று சொல்லலாம். அவரையும் நாம் இடித்துத் திருத்தப் போவதில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. வீதியின் நடுவே மாடு படுத்திருந்தால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, சுற்றிக்கொண்டு போகிறோம். மாட்டுக்கு யாரும் ஏசுவதில்லை. அது எழும்பி எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது என்ற ஒரே காரணத்தால் அதற்கு இடம் விடுகிறோம். மனிதர் என்றால் மட்டும் அவர் நம் மனதில் உள்ளபடி நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்து, நடக்காவிட்டால் கோபிக்கிறோம்.

முகத்தைப் பார்த்தால் ஓரளவு கண்டுகொள்ளலாம். நம்மைக் கண்ட முகம் ஒரு மாதிரி, காணாத முகம் ஒரு மாதிரி. முதுகு தெரிந்தால் அவர் நம்மைக் காணவில்லை என்றே கொள்ள வேண்டும். ஒரு பிள்ளை வீதியைக் குறுக்கறுத்து ஓடினால் பின்னால் இன்னொன்று ஓடி வரும். பந்து உருண்டு வந்தால் அதன் பின்னால் வருவது யார் என்று சொல்லத் தேவையில்லை. நின்றிருக்கும் பஸ்ஸின் முன்பக்கம் எப்போதும் ஓர் ஒளிந்த வாசல். நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன், கஞ்சிக் கோப்பையோடு வீட்டுக்கு ஓடும் பிள்ளைகளின் கண் கோப்பையில்தான் இருக்கும்.

மணியும் குரலும்

மணி வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்போது அடிப்பது என்பதுதான் கேள்வி. மணிக்கு 20 கிலோமீற்றரில் வரும்போது 20 மீற்றர் தொலைவில் மணி அடித்தால் நடப்பவருக்கு மூன்றரைச் செக்கன் கிடைக்கிறது. திரும்பிப் பார்க்கலாம், யோசிக்கலாம், விலகலாம். 5 மீற்றரில் அடித்தால் ஒரு செக்கன்கூட இல்லை. அந்த மணி தகவல் அல்ல, அதிர்ச்சி. திடுக்கிட்ட மனிதர் முதலில் உறைந்து நிற்பார். பிறகு பெரும்பாலும் வந்த வழியே திரும்புவார். லண்டனில் நடந்தது அதுதான். சைக்கிளோட்டி எந்தப் பக்கம் திருப்பினாரோ அந்தப் பக்கமே அந்தப் பெண்ணும் பாய்ந்தார். குறுக்கே செல்பவருக்குப் பின்பக்கமாக விலகிப் போ என்பது பொதுவாக நல்ல பழக்கம்தான். ஆனால் அவர் திடுக்கிட்டுவிட்டால் பின்பக்கமும் பாதுகாப்பில்லை. அப்போது நிற்பது ஒன்றே வழி.

ஜப்பானின் வீதிச் சட்டம் இதை வேறு விதமாக அணுகுகிறது. ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியில்லாதபோது தவிர, நடப்பவரை விலகச் சொல்வதற்காகச் சைக்கிள் மணி அடிப்பது அங்கே பொதுவாக அனுமதிக்கப்பட்டதில்லை. நடைபாதையில் செல்லும் சைக்கிள் ஆட்களுக்கு இடைஞ்சலாகுமானால் சைக்கிள்தான் நிற்க வேண்டும். பிரித்தானியாவின் வீதி ஒழுங்குக் கோவையோ நடப்பவரை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, தேவைப்பட்டால் மணி அடித்துத் தெரியப்படுத்தச் சொல்கிறது. அவர்களுக்குக் காது கேட்காமலோ பார்வை தெரியாமலோ இருக்கலாம் என்பதை நினைவூட்டவும் செய்கிறது. இரண்டு நாடுகளும் மணியில் வேறுபட்டாலும் வேகத்தைக் குறை என்பதில் ஒன்றுபடுகின்றன. அந்தப் பிரித்தானியக் கோவையில் 2022 ஜனவரி 29 முதல் இன்னொரு விதியும் சேர்ந்திருக்கிறது. வீதியில் எவரால் அதிகத் தீங்கு விளையக்கூடுமோ அவருக்கே அதிகப் பொறுப்பு. லொறிச் சாரதிக்குக் காரோட்டியைவிட அதிகம், காரோட்டிக்குச் சைக்கிளோட்டியைவிட அதிகம், சைக்கிளோட்டிக்கு நடப்பவரைவிட அதிகம்.

நமக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. வாகனத்தில் செல்பவர் நடப்பவருக்கு ஸலாம் சொல்லட்டும், நடப்பவர் அமர்ந்திருப்பவருக்குச் சொல்லட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தது புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவாகியிருக்கிறது. உயரத்தில் இருப்பவர், விரைந்து வருபவர், அவர்தான் முதலில் சமாதானத்தைச் சொல்ல வேண்டியவர். எதிரே வருபவருக்கு அச்சம் தரும் நிலையில் இருப்பவர் முதலில் அந்த அச்சத்தை நீக்க வேண்டும் என்று இதற்கு விளக்கம் சொன்ன அறிஞர்களும் உண்டு. லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தில், நடையில் நிதானமும் குரலில் தணிவும் அல்குர்ஆனின் ஒரே வசனத்தில் (31:19) அடுத்தடுத்து வருகின்றன. வேகமும் குரலும் ஏன் ஒரே இடத்தில் சொல்லப்பட்டன என்பதை ஒரு நெரிசலான வீதியில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் விளங்கும்.

இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி இறுதி ஹஜ்ஜில் கிடைக்கிறது. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு. அரபாவிலிருந்து முஸ்தலிபாவை நோக்கி மாபெரும் கூட்டம் ஒரே நேரத்தில் புறப்படுகிறது. சிலர் ஒட்டகங்களில், சிலர் கால்நடையாக. பின்னால் ஒட்டகங்களை அதட்டும் சத்தமும் அடிக்கும் ஓசையும் நபியவர்களுக்குக் கேட்டது. அவர்கள் மக்களின் பக்கம் சைகை செய்து, அமைதியைக் கடைப்பிடியுங்கள், விரைந்து செலுத்துவதில் நன்மை இல்லை என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரழி) அறிவிக்கிறார்கள். சொன்னதோடு நிற்கவில்லை. கஸ்வா என்ற தமது ஒட்டகத்தின் கடிவாளத்தை, அதன் தலை சேணத்தைத் தொடும் அளவுக்கு இழுத்துப் பிடித்திருந்தார்கள் என்பது ஜாபிர் (ரழி) அவர்களின் அறிவிப்பு. இன்றைய மொழியில், விரல்கள் பிறேக்கின் மேலேயே இருந்தன.

அந்தப் பயணத்தில் நபியவர்களுக்குப் பின்னால் அமர்ந்து சென்றவர் உஸாமா பின் ஸைத் (ரழி). எப்படிச் சென்றார்கள் என்று பிற்காலத்தில் அவரிடம் கேட்கப்பட்டது. நடுத்தரமான நடையில் சென்றார்கள், இடைவெளி கிடைத்த இடத்தில் வேகப்படுத்தினார்கள் என்று சொன்னார். வேகமே கூடாது என்று இதிலிருந்து யாரும் எடுக்க முடியாது. கூட்டத்தில் மெதுவாக, வெளியில் விரைவாக. சைக்கிளோட்டுபவர் கூட்டத்தில் கேட்டு நடக்க வேண்டியது இவ்வளவும்தான்.

சட்டவியலிலும் இதே கருத்து உண்டு. ஹனபி மத்ஹபை ஒட்டி 19ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய ஆட்சியில் தொகுக்கப்பட்ட மஜல்லா என்ற சட்டக்கோவையின் 926ஆம் பிரிவு, பொதுவீதியில் செல்லும் உரிமை அனைவருக்கும் உண்டு, ஆனால் பிறருக்குப் பாதுகாப்பு என்ற நிபந்தனையோடு என்று கூறுகிறது. தவிர்த்துக்கொள்ளக்கூடிய தீங்கு நேர்ந்தால் அந்த உரிமை நம்மைக் காப்பாற்றாது. லண்டன் நீதிபதி மஜல்லாவைப் படித்தவராக இருக்க வாய்ப்பில்லை. பச்சை விளக்கும் நிபந்தனையோடு கிடைத்த உரிமைதான் என்றே அவரும் தீர்த்தார்.

தப்பித்த பிறகு

மோதாமல் தப்பிய அடுத்த கணம்தான் நாக்குக்குச் சோதனை. நெஞ்சு படபடக்கும்போது "கண் தெரியல்லையா?" என்ற வார்த்தை தானாகவே வரும். அந்தப் படபடப்பு இயற்கையானது, அடக்க வேண்டியது வார்த்தையை மட்டும்தான். ஏசப்பட்டவர் அந்த இடத்தில் தன் பிழையைப் பற்றி யோசிப்பதில்லை. ஏசியவரைப் பற்றித்தான் யோசிக்கிறார். "ராத்தா, பார்த்து வாங்க", "நானா, ஒண்ணும் ஆகல்லையே?" என்று கேட்டால் அவரே வெட்கப்பட்டு, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு போவதைக் காணலாம். போடாமலும் போகலாம். அது அவருடைய பாடு.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. "கெதியா போ, நேரம் போயிட்டு" என்று வாசலில் நின்று சொல்லி அனுப்பும் பிள்ளை கடைத்தெருவில் மெதுவாகப் போகாது. கூட்டமான 300 மீற்றர் தூரத்தை மணிக்கு 20 கிலோமீற்றருக்குப் பதிலாக 10 கிலோமீற்றரில் கடந்தால் எவ்வளவு நேரம் இழப்பு? 54 செக்கன். ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த 54 செக்கனைக் காலையில் வீட்டிலேயே பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். மாதம் ஒரு தடவை பிறேக் கட்டைகளையும் கம்பிகளையும் பார்க்க வாப்பாவுக்கு ஐந்து நிமிடம் போதும். சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனாலும் பெரிய செலவில்லை. பிள்ளைக்கு உயரமான சைக்கிளை "வளர்ந்து ஓட்டட்டும்" என்று வாங்கிக் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். கால் தரையில் எட்டாத பிள்ளை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கத் தயங்கும்.

எவ்வளவு கவனித்தாலும் ஒருநாள் மோதல் நடந்துவிடலாம். அப்போது பயந்து ஓடிவிடக் கூடாது. விழுந்தவர் உடனே எழும்பி "ஒன்றுமில்லை" என்றாலும் தலை அடிபட்டதா என்று கேட்க வேண்டும். தலைக்காயம் சில வேளை மணித்தியாலங்கள் கழித்தே தன்னைக் காட்டும். வாந்தி, கடும் தலைவலி, வழமைக்கு மாறான தூக்கம், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்கக் கூடாது என்று அவருடைய வீட்டாருக்கும் சொல்ல வேண்டும். நினைவில்லாமலோ கழுத்து வலியோடோ கிடப்பவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி ஓட்டோவில் ஏற்றுவது நம் ஊரில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பெரும் தவறு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். அது வரும்வரை அவரை அசைக்காமல், வாகனங்கள் நெருங்காதபடி ஒருவரை வீதியில் நிறுத்திவைத்து, பக்கத்திலே இருக்க வேண்டும். யார் பிழை என்ற பேச்சை அந்த இடத்தில் யார் தொடங்கினாலும் அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. அவருடைய வீட்டுக்கு யார் போய்ச் செய்தி சொல்வது என்பதைத்தான் அப்போது தீர்மானிக்க வேண்டும்.